ஊரறிந்த ஒன்பது இலக்கம்

(பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அமெரிக்கா போய் அங்கேயே தங்கிவிட்ட பெற்றோர்களும், அவர்கள் பேச்சைக் கேட்டுக் குழம்பிய உள்ளூர் உறவுகளும் மெடிகேர் அட்டை பற்றிக் கேள்வியாக அனுப்பித் தள்ளிவிட்டார்கள். ரகசியம் காப்பது பற்றிய பகுதியில் பெயர் போடுவது அழகில்லை. எனவே கேட்டவர்களுக்கு ஊர் மட்டும்.)

மயிலாப்பூர்: அமெரிக்காவிலிருந்து வரும் என் மைத்துனர் வாயைத் திறந்தாலே மெடிகேர், மெடிகேர் என்கிறார். என்ன சார் அது?

65 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களுக்கு அரசு நடத்தும் மருத்துவக் காப்பீடு. 1965 ஜூலை 30-ல் அதிபர் ஜான்சன் கையெழுத்துப் போட்டார். முதல் அட்டை முன்னாள் அதிபர் ட்ரூமனுக்கு. 65-க்கு மேல் அங்கே இரண்டே பேச்சுதான்: மெடிகேரில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது. மூல மெடிகேரில் மூக்குக்கண்ணாடி, பல் செட்டு, காதுக் கருவி மூன்றும் சாதாரணமாகக் கிடைக்காது. மற்றபடி முதியவர்களுக்கு மிகவும் உபயோகமான திட்டம்.

எடிசன், நியூஜெர்சி: கிரீன் கார்டில் வந்த என் அப்பாவுக்கு அது உண்டா?

65 முடிந்து, கிரீன் கார்டோடு தொடர்ந்து 5 ஆண்டு குடியிருந்தால் சேரலாம். அங்கே வேலை பார்த்து வரி கட்டியதில்லை என்றால் மாதக் கட்டணம் பலமாக இருக்கும். அப்பாவுக்கு உண்டு. பில் உங்களுக்கு.

கும்பகோணம்: காப்பீட்டு அட்டையில் ஓர் எண் இருப்பதில் என்ன தப்பு? ரேஷன் கார்டில் கூடத்தான் எண் இருக்கிறது.

எண் இருந்தது தப்பில்லை. எந்த எண் என்பதுதான் தப்பு. அமெரிக்கர்களின் ஒன்பது இலக்க சோஷியல் செக்யூரிட்டி எண்ணை அப்படியே அட்டையில் அச்சடித்து, வாலில் ஓர் எழுத்தை ஒட்டி அதையே மெடிகேர் எண் என்றார்கள். அந்த ஒன்பது இலக்கமும் பெயரும் பிறந்த தேதியும் கையில் இருந்தால் இன்னொருவர் பெயரில் கடன் வாங்கலாம், கிரெடிட் கார்டு எடுக்கலாம், அவருக்கு வரவேண்டிய வருமான வரி ரீஃபண்டைக்கூட ஆட்டையைப் போடலாம்.

பிக்பாக்கெட்காரனுக்குப் பர்ஸிலிருந்த டாலர் ஒருநாள் செலவு. அட்டைதான் ஓய்வூதியம்.

காரைக்குடி: வாலில் ஒட்டிய எழுத்து எதற்கு?

'ஏ' என்றால் சம்பாதித்தவர். 'பி' என்றால் அவர் கணக்கில் பயன்பெறும் மனைவி. 'டி' என்றால் விதவை. ஆக, மனைவியின் அட்டையில் இருந்தது கணவரின் எண். கைப்பையைத் தொலைப்பவர் அம்மா, கடனாளி ஆகிறவர் ஐயா.

ஐயா காலமானால் 'பி' போய் 'டி' வரும். ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் அட்டையை நீட்டினாலே குடும்ப நிலவரம் தெரிந்துவிடும். ஜாதகம்கூட இவ்வளவு பச்சையாகச் சொல்லாது.

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்: அந்த எண் அவ்வளவு ரகசியமென்றால் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

அங்கேதான் வேடிக்கை. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், 'எங்கள் அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள்' என்றது. மெடிகேர், 'எங்கள் அட்டையை எப்போதும் கையோடு வைத்திருங்கள்' என்றது. இரண்டிலும் ஒரே எண். இரண்டும் ஒரே அரசாங்கம்.

நுகர்வோர் நலம் பேசுபவர்கள் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னார்கள்: அட்டையை நகலெடுத்து, கடைசி நான்கு இலக்கத்தைக் கத்தரியால் வெட்டிவிட்டு அந்த நகலைக் கொண்டு போங்கள். உலகின் பணக்கார நாட்டில் கிழவர்கள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்த காலம் அது.

திருச்சி உறையூர்: தெரிந்தே விட்டுவைத்தார்களா?

தெரிந்தேதான். தேவையில்லாத இடங்களில் அந்த எண்ணைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று 2007-லேயே எல்லா மத்தியத் துறைகளுக்கும் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் உத்தரவு போட்டது. ராணுவம்கூட அடையாள அட்டையிலிருந்து எடுத்துவிட்டது. மெடிகேர் மட்டும் உட்கார்ந்து செலவுக் கணக்குப் போட்டது. 2011-ல் சொன்ன தொகை 80 கோடி டாலருக்கு மேல். 2012-ல் அரசுத் தணிக்கை அலுவலகம் மறுபடி இடித்துக் காட்டியது. கடைசியில் நாடாளுமன்றம் 2015 ஏப்ரலில் சட்டம் போட்டு, 4 ஆண்டு கெடுவும் சுமார் 32 கோடி டாலரும் கொடுத்தது.

80 கோடி சொன்னதை 32-க்குப் படிய வைத்திருக்கிறார்கள். ரங்கநாதன் தெருவில் இதே பேரத்தை நம் வீட்டு அம்மணிகள் நாலு நிமிடத்தில் முடித்திருப்பார்கள்.

மதுரை: புது அட்டை எப்படி?

2018 ஏப்ரலில் தபாலில் அனுப்பத் தொடங்கி 2019 ஜனவரிக்குள் 6 கோடிக்கும் மேல் அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனி எண். மனைவிக்குக் கணவர் எண் கிடையாது. ஆணா பெண்ணா என்பதும் கையெழுத்தும்கூட அட்டையிலிருந்து போயிற்று. கெடுவுக்கு முன்னாலேயே முடித்த அரசு வேலை. கண்ணாடி போட்டு உற்றுப் பார்த்தேன், உண்மைதான்.

பிரீமாண்ட், கலிபோர்னியா: என் புது எண்ணில் எல்லும் இல்லை, ஓவும் இல்லை. அச்சுப் பிழையா?

இல்லை, புத்திசாலித்தனம். எண் 11 இடம் கொண்டது. எண்ணும் எழுத்தும் கலந்து வரும். அதில் எஸ், எல், ஓ, ஐ, பி, இசட் ஆகிய ஆறு எழுத்துகளுக்கு மட்டும் அனுமதியில்லை. எஸ் ஐந்து மாதிரி இருக்கும், ஓ பூஜ்யம் மாதிரி, பி எட்டு மாதிரி, இசட் இரண்டு மாதிரி, எல்லும் ஐயும் ஒன்று மாதிரி. மருந்துச் சீட்டு படித்துப் பழகிய யாரோ அந்தக் குழுவில் இருந்திருக்கிறார்.

சான் அன்டோனியோ: எண்களின் கூட்டுத்தொகை எட்டு வருகிறது. ராசியில்லை. மாற்றித் தருவார்களா?

ராசிக்காக மாட்டார்கள். திருட்டுக்கு மாற்றுவார்கள். பழைய எண்ணுக்கும் புதியதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். சோஷியல் செக்யூரிட்டி எண்ணை மாற்றுவது குதிரைக்கொம்பு. மெடிகேர் எண்ணோ எதையும் சொல்லாத வெறும் குலுக்கல். இது போனால் இன்னொன்று.

2023-ல் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கோப்புப் பரிமாற்ற மென்பொருள் வழியாகத் தகவல் கசிந்து, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மெடிகேர்காரர்களுக்குக் கடிதம் போயிற்று. எண் கசிந்தவர்களுக்குப் புது எண்ணோடு புது அட்டை வந்தது.

உங்கள் எட்டு எவனாவது திருடனுக்கு ராசியாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது போதும்.

மன்னார்குடி: சோஷியல் செக்யூரிட்டி எண் ஒரு காலத்திலாவது ரகசியமாக இருந்ததா?

1936-ல் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1938-லேயே சந்தி சிரித்தது.

நியூயார்க் மாநிலத்தில் லாக்போர்ட் என்ற ஊர். அங்கே பர்ஸ் தயாரித்த ஒரு கம்பெனிக்கு, புது அட்டை பர்ஸுக்குள் எவ்வளவு கச்சிதமாக உட்காரும் பாருங்கள் என்று காட்ட ஆசை. மாதிரி அட்டை அச்சடித்து ஒவ்வொரு பர்ஸிலும் செருகினார்கள். எண் வேண்டுமே? கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர் தம் செயலாளரான பெண்மணியின் நிஜ எண்ணையே போட்டுவிட்டார். பர்ஸ்கள் வூல்வொர்த் கடைகளில் ஊரெல்லாம் விற்றன.

அட்டை நிஜத்தில் பாதி அளவு. சிவப்பு மை. குறுக்கே 'மாதிரி' என்று வேறு அச்சடித்திருந்தது. அப்படியும் வாங்கியவர்கள், பர்ஸோடு இலவசமாக வந்த எண் என்று எடுத்துக்கொண்டார்கள்! 1943-ல் 5,755 பேர் அந்த அம்மாவின் எண்ணில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மொத்தத்தில் 40,000-க்கும் மேல். 1977-லும் பன்னிரண்டு பேர் விடவில்லை.

அரசு அந்த எண்ணை ரத்து செய்து அம்மாவுக்கு வேறு எண் கொடுத்தது. அது பர்ஸில் வரவில்லை.

நாகர்கோவில்: 'அடையாளத்துக்கு அல்ல' என்று சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலேயே போட்டிருந்ததாமே?

1946 முதல் போட்டிருந்தார்கள். ஆனால் 1943-லேயே அதிபர் ரூஸ்வெல்ட், ஆட்களுக்கு எண் கொடுக்கப்போகும் மத்தியத் துறைகள் இதையே பயன்படுத்தட்டும் என்று ஆணை பிறப்பித்திருந்தார். பிறகு வரித்துறை வந்தது, வங்கி வந்தது, கல்லூரி வந்தது, மெடிகேர் வந்தது. 1972-ல் அட்டையிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டார்கள். பொய் சொல்லிச் சொல்லி அட்டைக்கே அலுத்திருக்கும்.

டல்லாஸ்: போனில் கடைசி நான்கு இலக்கம் மட்டும்தான் கேட்கிறார்கள். அதைக் கொடுத்தால் என்ன ஆகிவிடும்?

முழு எண்ணில் விலை மதிப்புள்ள பகுதியே அந்த நான்குதான். 2011 ஜூன் வரை, முதல் மூன்று இலக்கம் எந்த மாநிலத்திலிருந்து விண்ணப்பித்தீர்கள் என்பதைச் சொல்லிவிடும்; அடுத்த இரண்டு வரிசைப்படி நகரும். 2009-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், பிறந்த தேதியும் மாநிலமும் தெரிந்தால் எண்ணை எவ்வளவு தூரம் ஊகிக்கலாம் என்று பார்த்தார்கள். 1988-க்குப் பிறகு பிறந்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு முதல் ஐந்து இலக்கம் ஒரே முயற்சியில் சரியாக விழுந்தது.

இங்கே பிறந்து வேலைக்காக அங்கே போனவர்களுக்குப் பிறந்த தேதிக் கணக்கு ஒத்துவராது. நம்மூர் முனிசிபாலிட்டி போட்ட பிறந்த தேதியை நம்பி எந்தத் திருடனும் கணக்குப் போட முடியாது என்பது கூடுதல் பாதுகாப்பு. ஆனாலும் 2011-க்கு முன் வாங்கிய எண் என்றால், எந்த மாநிலத்தில் போய் இறங்கினீர்கள் என்று அது சொல்லும்.

ஆக, ஊகிக்கக்கூடிய ஐந்தை மறைத்து, ஊகிக்க முடியாத நான்கைக் கேட்கிறார்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பு நடைமுறை.

வேலூர்: முன்னாள் ராணுவத்தான் என்ற முறையில் கேட்கிறேன். அமெரிக்கச் சிப்பாய் கழுத்தில் தொங்கும் தகட்டிலும் இதே எண்ணாமே?

2015 வரை. எதிரியிடம் பிடிபட்டால் பெயர், பதவி, எண், பிறந்த தேதி தவிர வேறெதையும் சொல்லாதே என்பது ராணுவப் பாடம். பேங்க் லோன் வாங்க அதுவே போதுமானதாக இருந்தது.

கோயம்புத்தூர்: யாரோ ஒரு கம்பெனி முதலாளி தன் எண்ணை விளம்பரத்திலேயே போட்டாராமே. நிஜமா?

நிஜம். லைஃப்லாக் என்ற நிறுவனத்தின் தலைவர் டாட் டேவிஸ். அடையாளத் திருட்டிலிருந்து காப்பாற்றுவதே அவர்கள் வியாபாரம். 'இதோ என் எண், முடிந்தால் திருடுங்கள்' என்று விளம்பரமெங்கும் போட்டார். 13 முறை திருடினார்கள். விளம்பரத்தில் அளந்து விட்டதற்காக 2010-ல் அந்த நிறுவனம் 1.2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

நாமென்ன சளைத்தவர்களா? 2018 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் அன்றைய தலைவர் ஆர்.எஸ். சர்மா தம் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் கெடுதல் செய்து காட்டுங்கள் என்று சவால் விட்டார். போன் நம்பர், முகவரி என்று வரிசையாக எடுத்துப் போட்டார்கள். சிலர் அவர் வங்கிக் கணக்கைக் கண்டுபிடித்து ஒரு ரூபாய் செலுத்தினார்கள். அவரோ கடைசிவரை ஒரு கெடுதலும் இல்லை என்றார்.

எண்ணைக் கொடுத்தால் பணம் வரும் என்று நிரூபித்த ஒரே மனிதர்.

திருநெல்வேலி: அப்படியானால் லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கலாமா, கூடாதா?

2022 மே 27-ல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள் என்றது. 29-ல் டெல்லி அதை வாபஸ் வாங்கியது. இடைப்பட்ட இரண்டு நாள் தேசமே ஜாக்கிரதையாக இருந்தது.

முதல் எட்டு இலக்கத்தை மறைத்த ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதைக் கொடுங்கள். லாட்ஜ்காரர் முறைத்தால் நீங்களும் முறையுங்கள்.

ஸ்கார்பரோ, கனடா: எங்கள் ஒன்டாரியோவில் எப்படி?

சுகாதார எண் தனி, சமூகக் காப்பீட்டு எண் தனி. மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத ஆள் உங்கள் சுகாதார அட்டையைக் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தவோ எண்ணைக் குறித்துக்கொள்ளவோ சட்டம் விடாது. அண்டை வீட்டுக்காரன் கையைச் சுட்டுக்கொண்டதைப் பார்த்து விலகி நின்ற ஊர்.

சிகாகோ: மெடிகேரிலிருந்து பேசுகிறோம், காகித அட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் அட்டை தருகிறோம், எண்ணைச் சொல்லுங்கள் என்று ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினாள்.

மரியாதையாகப் பேசியபோதே உஷாராகியிருக்க வேண்டாமா?

மெடிகேர் அட்டை காகிதம்தான். நகலெடுக்க வசதி என்று வேண்டுமென்றே காகிதத்தில் வைத்திருக்கிறார்கள். இலவசம். நீங்கள் கேட்காமல் அவர்களாகக் கூப்பிட்டு எண் கேட்க மாட்டார்கள். அரசாங்கம் தானே போன் செய்து 'உங்களுக்கு ஏதாவது நல்லது செய்யட்டுமா' என்று கேட்டால், அது எந்த நாட்டு அரசாங்கம் என்று எனக்கும் தெரியப்படுத்துங்கள்.

அட்லாண்டா: முதியோர் கூட்டத்தில் ஒரு தம்பி கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி, புற்றுநோய் வருமா என்று மரபணுச் சோதனை செய்கிறான். இலவசம்தானாம். மெடிகேர் அட்டையை மட்டும் காட்டினால் போதுமாம்.

பஞ்சு இலவசம்.

2019 செப்டம்பரில் இதே தடவலுக்காக 35 பேர் மீது அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. மெடிகேருக்கு அவர்கள் போட்ட பில் 210 கோடி டாலருக்கும் மேல். பல முதியவர்களுக்குச் சோதனை முடிவே வந்து சேரவில்லை. வந்த முடிவும் பலருக்கு டாக்டரிடம் காட்டப் பயன்படவில்லை. உங்கள் டாக்டர் எழுதிக் கொடுக்காத எந்தச் சோதனைக்கும் வாயைத் திறக்காதீர்கள். இரண்டு அர்த்தத்திலும்.

அம்பத்தூர்: எப்படியோ மெடிகேர் பணம்தானே போகிறது? அட்டைக்காரருக்கு என்ன நஷ்டம்?

முதுகு வலிப்பதற்கு முன்பே உங்கள் பெயரில் முதுகுப் பட்டை வாங்கியாகிவிடும். நிஜமாக வலித்து, நீங்கள் கேட்கும்போது, 'ஏற்கெனவே ஒன்று கொடுத்தாயிற்றே' என்பார்கள். இதைவிட விபரீதம், திருடனின் வியாதி உங்கள் மருத்துவக் கோப்பில் ஏறிவிடுவது. அவன் ரத்த வகை, அவனுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாம் உங்கள் பெயரில் இருக்கும். மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் பார்ப்பது கோப்பைத்தான். 'அது நானில்லை' என்று சொல்ல நீங்கள் விழித்திருக்க வேண்டும்.

எடிசன் (வேறொருவர்): திருட்டு நடந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

சில மாதங்களுக்கொருமுறை மெடிகேர் ஒரு கணக்கு அனுப்பும். மேலே 'இது பில் அல்ல' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் படித்த நிம்மதியில் மீதியைப் படிக்காமல் தூக்கிப்போடுவது நம் பழக்கம். மீதியில்தான் நீங்கள் போகாத டாக்டரும் வாங்காத சக்கர நாற்காலியும் இருப்பார்கள்.

சந்தேகம் வந்தால் 1-800-மெடிகேர் எண்ணுக்குக் கூப்பிடலாம். 'சீனியர் மெடிகேர் பேட்ரோல்' என்று எல்லா மாநிலத்திலும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலரும் உங்கள் வயதுக்காரர்கள். அடுத்தவர் பில்லைத் துருவிப் படிப்பதில் அந்த வயதுக்கு ஒரு தனி உற்சாகம் உண்டு.

ஹூஸ்டன்: அட்டை பத்திரமாக இருக்கட்டும் என்று என் மகன் அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டிருக்கிறான்.

குழுவில் எத்தனை பேர்? சம்பந்தி வீட்டாரும் உண்டென்றால் அது குழு அல்ல, மாநாடு. அழிக்கச் சொல்லுங்கள்.

சேலம்: அக்காவிடம் இன்னும் பழைய அட்டை இருக்கிறது. என்ன செய்வது?

2020 பிறந்ததிலிருந்து அதைக் காட்டி வைத்தியம் பார்க்க முடியாது. காட்டித் திருட மட்டும் முடியும். துண்டு துண்டாக வெட்டச் சொல்லுங்கள். பூஜை அறையில் வைத்திருந்தாலும் வெட்டச் சொல்லுங்கள்.

புதுச்சேரி: ஆக, இப்போது அமெரிக்கர்களின் ஒன்பது இலக்கம் பத்திரம். சரியா?

தப்பு. அட்டையிலிருந்து போனது, அவ்வளவுதான். 2015-ல் ஆன்தம் காப்பீட்டு நிறுவனத்தில் சுமார் 7.9 கோடி பேர் விவரம் திருடு போனது. 2017-ல் ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் மதிப்பீட்டு நிறுவனத்தில் 14 கோடிக்கும் மேல். இரண்டிலும் அந்த எண் இருந்தது. அரசாங்கம் 6 கோடி அட்டைகளிலிருந்து அழித்து முடிப்பதற்குள், திருடர்கள் ஏற்கெனவே மொத்தமாகக் கொள்முதல் செய்திருந்தார்கள்.

அதனால் உருப்படியாகச் செய்ய ஒன்று உண்டு. உங்கள் பெயரில் எவரும் புதுக் கடன் எடுக்க முடியாதபடி மூன்று கடன் மதிப்பீட்டு நிறுவனங்களிடமும் உங்கள் கடன் கோப்பை முடக்கி வைக்கலாம். 2018 செப்டம்பர் முதல் சட்டப்படி இலவசம். மூன்றில் ஒன்று ஈக்விஃபேக்ஸ். பூட்டுக்கடையும் அவர்களுடையதே.

தாம்பரம்: இந்த வாரச் சிறந்த கேள்விக்குப் பரிசு உண்டா?

உண்டு. பெயர், பிறந்த தேதி, அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மூன்றையும் எழுதி அனுப்பாதவர்களுக்கு.